கவலைப்படாதீர்கள் என்று சொல்லப் போன இடம்

சேலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது என் பையில் மூன்று நாளைக்கான புடவைகளும், மூன்று பிரசங்கங்களும், ஒரு டப்பா நிறைய மாத்திரைகளும் இருந்தன. மாத்திரைகள் எனக்கு. பிரசங்கங்கள் மற்றவர்களுக்கு.

நான் ஊழியக்காரி இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த ஜெயா, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபையின் போதகருக்கு மனைவி. அவர்கள் சபையில் மூன்று நாள் கூட்டம். பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. 'கவலையை ஜெயிப்பது எப்படி?' என்று தலைப்பும் அடித்தாகிவிட்டது. "நீ வந்து பேசு" என்றாள் ஜெயா. அவள் என்னைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

என் கணவர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். "நீயா போய் கவலைப்படாதீங்கன்னு சொல்லப் போற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, போய்ட்டு வா. அங்க உள்ளவங்க பாவம்" என்றார்.

என் கவலை ஊரறிந்தது. போன் மணி அடித்தால், யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று வயது வரிசைப்படி யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன். ஜெபம் செய்யாதவளும் இல்லை. தினமும் காலையில் முழங்காலில் நின்று, அன்றைக்கு நடக்கக்கூடிய விபத்துகளை எல்லாம் ஆண்டவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன். அவர் எதையும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது அல்லவா? எழுந்திருக்கும்போது, முழங்காலிடும்போது இருந்ததைவிடப் பயம் கொஞ்சம் கூடியிருக்கும்.

சேலம் பேருந்து நிலையத்தில் நாமக்கல் என்று கூவிய முதல் வண்டியில் ஏறினேன். அது தவறு என்பது ஊரைத் தாண்டிய பிறகு தெரிந்தது.

"பைபாஸ் வண்டிங்கம்மா இது" என்றார் நடத்துநர். "புதுச்சத்திரத்துக்குள்ள போகாதுங்க. பாலத்து மேல இறக்கி உடட்டுங்களா, இல்ல நாமக்கல் வாரீங்களா?"

பாலத்தின் மேல் பையோடு நான், பின்னால் வேகமாக வரும் லாரி, பாளையங்கோட்டையில் போன் மணி. எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. நாமக்கல்லுக்கே சீட்டு வாங்கினேன். புதுச்சத்திரம் ஜன்னல் வழியே வந்து, போனது. பெயர்ப் பலகைக்குக் கையசைக்காத குறை.

நாமக்கல்லில் நுழையும்போது சாலையோரம் முழுக்க லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். பாதி பிறந்த லாரிகள் தலை இல்லாமலும் முதுகு இல்லாமலும் வரிசையாக நின்றன. எங்கள் ஊரில் இப்படி அரைகுறையாக நிற்பவை கல்யாண மண்டபங்கள் மட்டும்தான்.

திரும்பி வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பையன் ஹாஸ்டல்ல அழுவறானாமாங்க."

"அழுவட்டும் உடுங்க. மார்க்கு வரும்."

முதல் பெண் அதில் ஆறுதல் அடைந்தது போலத்தான் தெரிந்தது. என் மூன்று பிரசங்கங்களில் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

சபை என்றால் பாளையங்கோட்டைக்காரர்கள் உயர்ந்த கோபுரத்தையும் மணியையும் நினைக்கக் கூடாது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் அதைவிட நீளமான கோழிப் பண்ணைகள். தூரத்திலிருந்து பார்த்தால் எது சபை, எது பண்ணை என்று சொல்வது கடினம். எதில் பாட்டு வருகிறதோ அது சபை என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், கோழிகளும் விடாமல் பாடுகின்றன.

ஜெயா வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே நெய், பக்கத்தில் வேகவைத்த முட்டை. சாயங்காலம் டீயோடு முட்டை போண்டா. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு, பயப்படாதே" என்றாள் ஜெயா. இரவுக்கு முட்டைக் குழம்பு என்பதால் அப்படிச் சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கூட்டம். ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள், அவை விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை என்று இயேசு சொன்னதை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். குரலில் நடுக்கம் இல்லை. கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டது மட்டும் பழைய பள்ளிக்கூடப் பழக்கம்.

பண்ணை வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்க பறவையும் விதைக்கறதில்லீங்க, அறுக்கறதில்லீங்க. தீவனம் நாங்கதான் போடறோம். அதுகளுக்கும் சேத்துக் கவலையும் நாங்கதான் படறோமுங்க. அதுக்கு என்ன பண்றதுங்க?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்காகக் கவலைப்படக் கூடாது என்று சற்று முன்தான் சொல்லியிருந்தேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு பெண் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்துப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. பெயர் செல்வி. மகளுக்கு வந்த காய்ச்சலின்போது ஜெயா ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்ததில் இருந்து சபைக்கு வருகிறாள். வீட்டில் அவள் மட்டும்தான் வருகிறாள்.

அவள் புருஷன் குமரேசன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போயிருந்தான். எங்களுக்குத் தாமிரபரணி இருக்கிறது. தண்ணீர் என்றால் படித்துறையில் இறங்கினால் போதும். இந்தப் பக்கத்து மனிதர்கள் தண்ணீரைப் பாறைக்குள் தேடிப் பழகியவர்கள். பழகியதைக் கொண்டு இந்தியா முழுவதும் போய் ஊர் ஊராகத் துளை போடுகிறார்கள். குமரேசன் இருந்தது சத்தீஸ்கரில். தினமும் பொழுது சாய்ந்ததும் போன் செய்கிறவன், நான்கைந்து நாளாகச் செய்யவில்லை. கூப்பிட்டால் போகவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் போனும் போகவில்லை.

"ஜெபம் பண்ணுங்கம்மா" என்றாள்.

அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினேன். நீளமான, அழகான ஜெபம். எல்லாச் சாத்தியங்களையும் குறிப்பிட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் அதுவரை நினைத்துப் பார்க்காத இரண்டு மூன்று ஆபத்துகளை நான்தான் அறிமுகம் செய்திருக்கிறேன்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள். "கவலைப்படாம இருக்கோணும்னு சொன்னீங்க. எனக்கு ஆகலீங்க. நீங்க எப்படி இருக்கறீங்க?"

ஜெயா என்னைப் பார்த்தாள். கோழிகள் கூட அந்த நேரம் பார்த்துச் சத்தத்தை நிறுத்தியிருந்தன.

"நான் இருக்கிறதில்ல செல்வி" என்றேன். "எனக்கும் ஆகல."

அவள் கோபப்படவில்லை. "அப்படீங்களா" என்றாள். கொஞ்சம் நகர்ந்து, நான் உட்காரப் பாயில் இடம் விட்டாள்.

சனிக்கிழமை காலை நான் பதில் சொல்லப் போகவில்லை. செல்வியோடு திருச்செங்கோட்டுக்குப் போனேன். ரிக் வண்டிக்காரர்களின் அலுவலகம் அங்கேதான். அவள் தனியாகப் போகப் பயந்தாள். ஜெயாவுக்குக் கூட்டத்துக்குச் சமைக்கும் வேலை. மிச்சம் இருந்தவள் நான். கூட்டத்தைப் போதகர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது என்று நினைக்கிறேன்.

நாமக்கல் போய் வண்டி மாறினோம். ஜன்னலோரம் செல்வி. இருபுறமும் வெயிலில் கரட்டு மேடுகள், மரவள்ளிக் காடு, மறுபடி கோழிப் பண்ணை. நாமக்கல்லைத் தாண்டுவதற்குள் என் மனம் குமரேசனை அடக்கம் செய்துவிட்டது. அடுத்த நிறுத்தத்துக்குள் அவன் மகளின் படிப்பையும் நிறுத்திவிட்டது. நெஞ்சு இறுகி மூச்சு மேலே மேலே போனது. கை விரல்கள் மரத்தன. எனக்கு இது பழக்கம்தான். வீட்டில் என்றால் கணவர் விசிறியைப் போடுவார்.

"என்னம்மா ஆச்சு? பஸ் சேரலீங்களா?" என்று கேட்டாள் செல்வி.

"இல்ல. பயம்" என்றேன். யாரிடமும் இப்படி ஒரே சொல்லில் சொன்னதில்லை.

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துணைக்கு வந்தது யார் என்று எங்களைப் பார்த்த யாராலும் சொல்லியிருக்க முடியாது. பின்சீட்டில் இருந்த பாட்டி ஒருவர், "மகளுங்களா?" என்று கேட்டார். செல்வி, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்தவக் கூட்டத்துக்கு வந்த இடத்தில் அந்தப் பொய்யை நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

அலுவலகம் ஒரு உதிரிபாகக் கடையின் மாடியில் இருந்தது. சுவரில் முருகனும் அர்த்தநாரீஸ்வரரும் இரண்டு காலண்டர்களில் இருந்தார்கள். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். அவர் எழுந்த விதத்திலேயே விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"உக்காருங்க சாமி. காலைலதான் தகவலே வந்துச்சு. ஆள் அனுப்பலாம்னு இருந்தோம். அங்க நல்ல மழைங்க. வண்டி மண்ணுல எறங்கி ஒருக்களிச்சுச் சாஞ்சிருச்சு. அந்தக் காட்டுல டவர் எடுக்காது. நம்ம ஆளுக ரெண்டு பேருக்கு அடி. ராய்ப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கறாங்க."

"யாருங்க ரெண்டு பேரு?" என்றாள் செல்வி.

"பேரு சரியா வரலீங்க சாமி. வண்டியில எட்டுப் பேரு. ஏஜென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுக் கூப்புடறேன்னு சொல்லியிருக்கறாரு."

டீ வந்தது. மேனேஜர் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே போய் நின்று போனில் யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தார். மேசை மேல் இருந்த இன்னொரு போனை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஜெபம் பண்ணலாங்களாம்மா?" என்றாள்.

நேற்றுப் பண்ணின ஜெபம் நினைவு வந்தது. வாயைத் திறந்தால் மறுபடி அந்த ஆபத்துகளின் ஊர்வலம்தான் கிளம்பும். "ஆண்டவரே" என்று தொடங்கி நின்றுவிட்டேன். எனக்குத் தெரியாதவை எவ்வளவு, தெரிந்தவை எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். தெரிந்தவை மிகவும் கொஞ்சம். என் வாழ்நாள் பயம் முழுவதும் தெரியாதவற்றைப் பற்றியே இருந்திருக்கிறது. இயற்பியல் ஆசிரியைக்கு இது இவ்வளவு தாமதமாகத் தெரிந்திருக்க வேண்டாம்.

"செல்வி, நமக்குத் தெரிஞ்சதை மட்டும் அவர்கிட்ட சொல்லுவோம்" என்றேன். "நடந்தது மட்டும். நாமளா எதையும் சேர்க்க வேண்டாம். நீ சொல்லு."

அவள் கண்ணை மூடவில்லை. மேசையைப் பார்த்தபடியே, எதிர் நாற்காலியில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பது போலப் பேசினாள்.

"அவரு போன் பண்ணலீங்க. வண்டி சாஞ்சிருச்சுங்க. ரெண்டு பேரு ஆஸ்பத்திரில இருக்கறாங்க. யாருன்னு தெரியலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க." கொஞ்சம் யோசித்தாள். "டீச்சரம்மா கூட இருக்கறாங்க. நீங்களும் இருங்க. இவ்வளவுதானுங்க."

நான் ஆமென் சொன்னேன். அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. போன் அடிக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. ஆனால் எனக்கு மூச்சு வயிறு வரைக்கும் இறங்கி வந்தது. பயம் இருந்தது, ஆனால் அது இருந்த அளவுக்குத்தான் இருந்தது. வீட்டில் அதற்கு நான் தினமும் தீவனம் போட்டு வளர்த்திருக்கிறேன். இங்கே யாரும் போடவில்லை. பிறகு மனம் மறுபடி ராய்ப்பூருக்கு ஓடும்போதெல்லாம், தெரிந்ததை மறுபடி சொல்லிக்கொண்டோம். ஒரு தடவை நான், ஒரு தடவை அவள். மதியச் சாப்பாட்டுக்கு மேனேஜர் பொட்டலம் வாங்கி வந்தார். தக்காளி சாதம், மேலே முட்டை. இரண்டு பேருமே சாப்பிட்டோம். கவலையான நேரத்தில் நான் சாப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

வெயில் தணிகிற நேரத்தில் போன் வந்தது. மேனேஜர் பேசினார், "அப்படியா, அப்படியா" என்றார், பிறகு ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார்.

"செல்வி... நாந்தான்."

"நாந்தான்னா யாரு?" என்றாள். அவளுக்குக் குரல் தெரியாமல் இல்லை.

"குமரேசன்."

"ஏன் இத்தன நாளா போன் பண்ணலீங்க?"

"போன் குழிக்குள்ள உழுந்திருச்சு. தொடையில முறிஞ்சிருச்சு செல்வி. கம்பி வெச்சுக் கட்டியிருக்கறாங்க. வேற ஒண்ணுமில்ல."

"சாப்புட்டீங்களா?"

"சப்பாத்தி. மூணு வேளையும் சப்பாத்தி." அந்தக் குரலில் காலைவிடச் சப்பாத்திதான் வலித்தது. பிறகு தாழ்ந்த குரலில், "கூட அடிபட்டவன் இன்னும் கண்ணு முழிக்கல. அவங்க அப்பாருக்குச் சொல்லச் சொல்லு" என்றான்.

செல்வி அழவில்லை. போனை வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். முழங்கால்களை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, "ஸ்தோத்திரமுங்க, ஸ்தோத்திரமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று நிறுத்தி, "அந்தப் பையனையும் பாத்துக்கங்க" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்றாவது பிரசங்கத்தைப் பையிலேயே விட்டுவிட்டு, முந்தின நாள் நடந்ததை அப்படியே சொன்னேன். கவலையை ஜெயிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, நேற்று ஒரு மத்தியானத்தை எப்படிக் கடந்தோம் என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன்பு அந்தச் சபையில் அவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை என்று ஜெயா சொன்னாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் செல்வி ஒரு முடிவோடு வந்தாள். குமரேசனை அழைத்துவர ஆள் அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் தானே போகிறேன் என்றாள். ஈரோட்டைத் தாண்டி எங்கும் போகாதவள். இந்தி தெரியாது. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டாள். அடிபட்ட இன்னொருவனின் அப்பாவும் ராய்ப்பூருக்குக் கிளம்புகிறார். தோளில் துண்டோடு எப்போதும் வானத்தைப் பார்த்து நடக்கிற மானாவாரி விவசாயி. சேதி வந்ததிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை. "அவருக்கும் ஒரு ஆளு வேணுங்கல்ல" என்றாள் செல்வி.

எனக்குச் சொல்ல ஆயிரம் ஆபத்துகள் இருந்தன. தெரிந்ததை மட்டும் சொன்னேன்: "ரயில்ல குளிரும். போர்வை எடுத்துக்கோ."

திங்கட்கிழமை எல்லோரும் சேலம் வந்தோம். ரயிலுக்கு நேரம் இருந்ததால் அம்மாபேட்டையில் ஜெயாவுக்குத் தெரிந்த கடைக்குப் போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு சிறிய தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட்டும் காரட்டும் சட்னியும் வைத்து, ஒரே வாயில் போட வேண்டும் என்று விதி. ஒரே வாயில் போட்டால் எனக்குப் புரையேறும் என்று கடித்தேன். எல்லாம் புடவையில் கொட்டியது. அந்த விவசாயி முதல் முறையாக வாய் திறந்து, "அப்படியில்லீங்கம்மா, முழுசாப் போடோணும்" என்றார். செல்வி அவர் தட்டில் இன்னொன்றை வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

இதை எழுதும்போது குமரேசன் ஊன்றுகோலோடு வீடு வந்து சேர்ந்திருக்கிறான். அந்தப் பையன் கண் விழித்துவிட்டான். பேச்சு வந்துவிட்டது, வலது கை இன்னும் சரியாக வரவில்லை. அவனுக்காகச் செல்வி தினமும் ஜெபிப்பதாகச் சொல்கிறாள். நானும் ஜெபிக்கிறேன். முன்னைப் போல நீளமாக இல்லை. ஆனால் அன்றைக்குச் சேலம் நடைமேடையில் நின்றபோது இதில் எதுவுமே எங்களுக்குத் தெரியாது.

ரயில் வந்தது. பெரியவரை முதலில் ஏற்றி, பையையும் போர்வையையும் கொடுத்துவிட்டுச் செல்வி ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பயம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

வண்டி அசைந்தது. செல்வி குனிந்து, சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னாள்:

"பயம் போகலீங்கம்மா. நான்தான் போறேன்."